குளியல் என்கிற திலேஷ்வர்

ஜூன் 3, திங்கள்

எல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொன்னேன். லேப் பையன் ரமணன் நம் பட்டறையில் நிலைக்க மாட்டான் என்றேன், சனிக்கிழமையோடு நின்றுவிட்டான். ஊருக்குப் போன வடக்கத்திப் பையன்கள் ஒருத்தனும் திரும்ப மாட்டான் என்று எல்லோரும் சொன்னபோது, குளியல் மட்டும் வருவான் பாருங்கள் என்றேன், வந்தான். நான் சொல்லி எதுவும் தப்பியதில்லை. எழுதி வைக்காததால்தான் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதனால் இன்றுமுதல் எழுதுகிறேன். பொங்கலுக்கு நூல் வியாபாரி கொடுத்த டைரி. ஐந்து மாதப் பக்கம் வீண். பெரிய மனிதர்கள் எல்லோரும் லேட்டாகத்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

பின்னால் யாராவது படித்தால் நான் யாரென்று தெரிய வேண்டும். சென்னியப்பன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேபர் சூப்பர்வைசர். எட்டாவது வரை படிப்பு. அதற்குமேல் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. முதலில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தேன். வடக்கத்திப் பையன்கள் வர ஆரம்பித்த புதிதில் மேனேஜர் நல்லசிவம் வெளியே வந்து, "இங்க எவனுக்காச்சும் இந்தி தெரியுமாய்யா?" என்று கத்தினார். நான் கையைத் தூக்கினேன். பம்பாயில் ஆறு வருஷம் இருந்தவன் தூக்காமல் வேறு யார் தூக்குவது? அன்றைக்குக் கேட்டை விட்டு உள்ளே வந்தவன்தான்.

என் அக்கா மகள் கோகிலவாணியும் (எனக்கு அம்மிணி) அங்கேதான் ஆபீஸில் இருக்கிறாள். பி.இ. சிவில். பாலம் கட்ட வேண்டிய பெண், எவன் எந்த ஷிப்டுக்கு வந்தான் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். ரமணன் இடத்துக்கு ஆள் தேட வேண்டியதும் அவள்தான். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி வேண்டுமாம். கேட்டில் போர்டு மாட்டிவிட்டாள்.

குளியல் யாரென்றும் எழுதிவிடுகிறேன், சுவையான கதை. போன வருஷம் தை மாதம் ஜார்க்கண்டிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தது நான்தான். அதில் ஒருவன் திலேஷ்வர் மஹதோ. ஒல்லி, கண்ணாடி போட்டவன். அவன் பையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். வந்தவர்களை மதிக்கத் தெரிந்தவன் நான். ஆபீஸில் மேனேஜர், "எது வரைக்கும் படிச்சிருக்கான்னு கேளு" என்றார். நானும் இந்தியில் கேட்டேன். அவன் ஒரே வார்த்தை சொன்னான்: "ஸ்நாதக்."

ஸ்நானம் என்றால் என்னவென்று தெரியாதவன் உண்டா? "ரெண்டு நாளா ரயில்ல வந்திருக்கானுங் சார். மொதல்ல குளிக்கோணுமாம், அப்புறந்தான் பேச்சாம்" என்று சொன்னேன். மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சுத்தக்காரன்யா! ஒரு பக்கெட்டும் சோப்பும் குடுங்க அவனுக்கு!" அன்றைக்கு விழுந்த பெயர்தான் குளியல். பட்டறையில் பாதிப் பேருக்கு அவன் சொந்தப் பெயரே தெரியாது. அப்புறம் படிப்பு? அதையும் கேட்டேன். வலது கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். ஐந்தாவது. அம்மிணி எழுதிக்கொண்டாள். ஹெல்ப்பர் வேலை.

ஜூன் 8, சனி

சம்பள நாள். பையன்கள் வரிசையில் நின்றார்கள். குளியலைவிட எனக்கு ஷிப்டுக்கு நல்ல தொகை அதிகம். எங்கள் ஊர் ஹெல்ப்பர் முருகேசனுக்கே அவனைவிட அதிகம். இருவரும் ஒரே மிஷினில், ஒரே மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள். முருகேசனிடம் கேட்டால், "நமக்கு வீட்டு வாடகை இருக்குதுங்க, அவனுங்களுக்கு ரூமு சும்மா" என்கிறான். ரூம் என்பது ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் ஒன்பது பேர். அது போகட்டும். எனக்குக் கொடுப்பது அனுபவத்துக்கு. இந்தி என்ன சும்மாவா வரும்?

ஜூன் 12, புதன்

அக்கா ராகி மாவு அரைத்து வரச் சொன்னாள். மில்லில் கூட்டம். நான் இன்ன பட்டறை சூப்பர்வைசர் என்றதும் முன்னால் விட்டுவிட்டார்கள். (ஒரு கிழவி சண்டைக்கு வந்தாள். கணக்கில் வராது.)

ஜூன் 16, ஞாயிறு

இன்று பேக்கரியில் டீ குடிக்கப் போனேன். குளியல் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், எப்போதும் நிற்பான். அவன் இப்போது பேசும் தமிழைக் கேட்டால் சென்னிமலையில் பிறந்தவன் என்று சத்தியம் செய்வீர்கள்.

"ஏனுங்ணா, கேட்டுல போர்டு போட்டிருக்குதுங்ளே. அந்த லேப் வேலைக்கு நான் கேக்கலாங்ளா?"

"அது பி.எஸ்.சி. படிச்சவனுக்கு அப்பனே."

"நான் பி.எஸ்.சி.தானுங்ணா. கெமிஸ்ட்ரி."

நான் சிரித்தேன். டீ மாஸ்டரும் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"நீ அஞ்சாவதுடா."

"வந்தன்னைக்கே சொன்னனுங்ளே. ஸ்நாதக்னு. டிகிரி முடிச்சவன்னு அர்த்தமுங்."

டீ மாஸ்டர் சிரிப்பை நிறுத்தவே இல்லை. வேறு எதற்கோ சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அவன் குரலை ஏற்றாமல் பேசினான். "எனக்குப் பக்கெட்டு குடுத்தாங்க. சோப்பு குடுத்தாங்க. வேலைக்கு வர்றவங்களுக்குக் குடுக்கறது திருப்பூர் வழக்கமாட்ட இருக்குதுன்னு நெனைச்சனுங். ஊருக்கு போன் பண்ணி எங்கம்மாகிட்டக்கூட சொன்னேன், நல்ல கம்பெனி, வந்ததும் பக்கெட்டு குடுத்தாங்கன்னு. கூட வந்த மூணு பேருக்கு ஏன் குடுக்கலைங்கறதுதான் புரியலைங்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"யார்கிட்டங்ணா சொல்றது? எனக்கு அப்பத் தமிழ் தெரியாது. நீங்க பேசறதுதான் தமிழ்னு நெனைச்சுட்டு இருந்தனுங். 'பேக்கு, பேக்கு'ன்னு சொல்வீங்ளே, அதக் கத்துக்கிட்டு இதே கடையில வந்து 'டீ பேக்கு'ன்னேன். அது கன்னடம், வேணும்னு அர்த்தம்னு மாஸ்டர்தான் சொன்னாரு."

மாஸ்டர் உள்ளே போய்ச் சிரித்தார்.

பம்பாயில் கன்னடக்காரர்கள் நிறைய. எட்டு வருஷம் பழகினால் ஒன்றிரண்டு வார்த்தை கலக்கத்தான் செய்யும்.

கிளம்பும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். அந்தக் காலத்தில் குருகுலத்தில் படிப்பு முடிந்ததும் குளிக்க வைப்பார்களாம், அப்படிக் குளித்தவனுக்குத்தான் ஸ்நாதக் என்று பேராம். "அதனால நீங்க சொன்னதும் முழுசாத் தப்பு இல்லீங்ணா" என்றான். பார்த்தீர்களா? பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஐந்து விரலுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அம்மிணியிடம் நானே பேசுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் பேசினால் முடிந்த மாதிரி.

ஜூன் 19, புதன்

ஒன்றும் இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 22, சனி

குளியல் கேட்டான், "ஆபீஸ் அக்காகிட்டப் பேசுனீங்ளாண்ணா?" அவளுக்குக் காய்ச்சல், லீவில் இருக்கிறாள் என்றேன். அந்த நேரம் பார்த்து அவள் ஸ்கூட்டியில் எங்களைத் தாண்டிப் போனாள். குளியலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேறு போனாள். நல்ல டாக்டர், சீக்கிரம் சரியாகிவிட்டது என்றேன். "சந்தோசமுங்ணா" என்றான்.

பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. எதையும் நேரம் பார்த்துத்தான் பேச வேண்டும். மேனேஜர் இப்போது கோபமாக இருக்கிறார். ஸ்நாதக் என்ற ஒரு வார்த்தை தெரியவில்லை என்றால் மற்ற வார்த்தைகளையும் கேட்க ஆரம்பிப்பார்கள். மனிதனின் இயல்பு அது. கேட்டில் ஒரு ஸ்டூல்தான் இருக்கிறது, அதிலும் ஒரு கால் ஆட்டம்.

ஜூன் 27, வியாழன்

லேப் வேலைக்கு ஒரு பையன் வந்தான், அவிநாசிக்காரன். பி.எஸ்.சி. பிசிக்ஸ். ரமணன் வாங்கியதற்கு மேலே கேட்டான். சாய வாடை ஒத்துக்கொள்ளாது, தனி ரூம் வேண்டும் என்றான். மேனேஜர் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினார். அம்மிணி வீட்டில் அம்மாவிடம் அலுத்துக்கொண்டாள்: "ஊருக்குள்ள ஒரு கெமிஸ்ட்ரி படிச்சவன் இல்லையாம்மா?" நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். மொச்சைக் குழம்பு. காரம் அதிகம், கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

அவனே போய்விட்டான். பொறுமையில்லாதவன். நேராக ஆபீஸுக்குள் போய், "அக்கா, நான் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரிங், லேப்ல வேலை வேணுமுங்" என்று கோகிலவாணியிடம் கேட்டிருக்கிறான். அவள் பதிவைப் பார்த்தால் ஐந்தாவது. விஷயம் மேனேஜர் அறைக்குப் போனது. என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

மேனேஜர் நாற்காலியில் இருந்தார். அம்மிணி பக்கத்தில். அவன் கதவோரம் நின்றிருந்தான்.

"வா சென்னியப்பா. இவன் பி.எஸ்.சி.ங்கறான், நம்ம பதிவுல அஞ்சாவதுன்னு இருக்குது. என்னன்னு கேளு அவன."

"அவருக்கே நல்லாத் தமிழ் வருதுங் சார்" என்றாள் அம்மிணி.

"நீ சும்மா இரு சாமி. சென்னியப்பன் பம்பாய்ல இருந்த ஆளு. இந்தியில கேட்டான்னா உண்மை தானா வரும்."

நான் வாயைத் திறந்தேன். "தும்… படாயீ…" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தொண்டை கட்டியிருந்தது. அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு நான் முழுக்கக் கேட்டுவிட்ட மாதிரி பதில் சொன்னான், தமிழில்: "பி.எஸ்.சி.ங்ணா. கெமிஸ்ட்ரி."

மேனேஜர் மேஜையைத் தட்டினார். "அப்ப அன்னைக்கு எதுக்கு அஞ்சாவதுன்னான்? அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. பொய் சொல்றவன லேப்புக்குள்ள எப்படி உடறது? கலரு மாறிப் போச்சுன்னா ஆர்டரே போயிரும்."

இந்த இடத்தில் நான் பேச வேண்டியிருந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பேசினேன்.

"அஞ்சு வெரலக் காட்டுனானுங் சார். என்ற கண்ணால பாத்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்து, மேனேஜரைப் பார்த்துச் சொன்னான்:

"காட்டியிருப்பனுங் சார். அப்பத் தமிழ் தெரியாதுங்ளே. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மேனேஜர் இறங்கி வந்தார். "செரி, ஆள் கெடைக்கற வரைக்கும் லேப்ல நில்லு. ஆனா சம்பளம் ஹெல்ப்பர் சம்பளந்தான். அஞ்சாவதுன்னு பதிவு இருக்கறவனுக்கு லேப் சம்பளம் எழுதுனா ஆடிட்டுக்கு வர்றவன் என்ற கழுத்தப் புடிப்பான்."

ஆக நல்லபடியாகத்தான் முடிந்தது. அவன் கேட்டது லேப், லேப் கிடைத்துவிட்டது. இதையும் நான் முன்பே சொன்னேன்.

சாப்பிடவில்லை. காலையில் தின்ற பணியாரம் சரியில்லை.

ஜூலை 3, புதன்

லேப்பில் கண்ணாடி ஜன்னல் உண்டு. அந்தப் பக்கமாக நான் போகவில்லை. ஸ்டோருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, கொஞ்சம் சுற்று.

ஜூலை 4, வியாழன்

முருகேசன் கேட்கிறான்: "ஏனுங், லேப் வேலைய ஹெல்ப்பர் சம்பளத்துக்கே செய்யறதுக்கு ஆள் இருக்குதுன்னு ஆயிட்டா, நாளைக்கு எங்க பையன் படிச்சுட்டு வந்தா அவனுக்கு எவன் கூடக் குடுப்பான்?" இதுவரை குளியலின் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன். இவனுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

ஜூலை 6, சனி

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மிணி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் முருங்கைக் கீரை, உருவிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, நெசமாலுமே வெரலக் காட்டுனானா?"

"பின்ன? பொய்யா சொல்றேன்?"

"நான் அப்பக் குனிஞ்சு எழுதிட்டு இருந்தேன். நீங்க அஞ்சாவதுன்னு சொன்னது மட்டும் காதுல உழுந்துச்சு."

"அவனே ஒத்துக்கிட்டான்ல?"

"அவன் ஒத்துக்கிட்டது எனக்காகவும் இல்ல, மேனேஜருக்காகவும் இல்ல." கீரைத் தண்டை ஓரமாகப் போட்டாள். "ஆடிட்டு புதன்கெழமை. திங்கக்கெழமை மத்தியானம் வரைக்கும் பதிவத் திருத்தலாம். எழுதுனதுல தப்புன்னு போட்டு, சொன்னவங்க கையெழுத்து வாங்கிட்டா லேப் கிரேடு எழுதிருவேன். மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். அப்பவும் ரமணனுக்குக் குடுத்ததுல கொஞ்சம் கொறைச்சுத்தான் குடுப்பாராம். வெளியூரானுக்கு அது போதுமாம். அதுக்கு நான் சண்ட போட்டுக்கறேன். ஆனா பதிவுலயே அஞ்சாவதுன்னு இருந்தா எதை வெச்சுச் சண்ட போடறது?"

"சொன்னவங்க கையெழுத்துன்னா?"

"நீங்கதான் மாமா."

நான் கீரையைப் பார்த்தேன். நல்ல இளங்கீரை.

"நானும் பி.இ. படிச்சுட்டு இங்க உக்காந்து எவன் வந்தான், எவன் வரலைன்னு மஸ்டர் எழுதறேன்" என்றாள் எழுந்துகொண்டே. "வயித்தெரிச்சலாத்தான் இருக்குது. ஆனா என்னைய அஞ்சாவதுன்னு யாரும் எழுதல. ரிஜிஸ்டர்ல என்ற பேருக்கு நேரா பி.இ.ன்னுதான் இருக்குது. தெனமும் ஒரு தடவையாச்சும் அத எடுத்துப் பாப்பேன்."

ஜூலை 7, ஞாயிறு

பேக்கரிக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன்; போனேன். அவன் இருந்தான். எழுந்து நின்றான். அவன் எழுந்து நின்றது இன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. உட்காருடா என்று அதட்டினேன்.

எதற்காக எனக்குப் பரிந்து பேசினாய் என்று கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்று டீயைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்களுக்கு இந்தி வராதுன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சா திரும்பவும் கேட்டுல உக்கார வெச்சுருவாருங்ணா" என்றான். "நான் ஸ்டேஷன்ல எறங்குனப்ப என்ற பேரச் சொல்லிக் கூப்புட்ட ஒரே ஆளு நீங்கதான். தப்பாத்தான் கூப்புட்டீங்க. 'தினேஷ்வர், தினேஷ்வர்'னு. ஆனாக் கூப்புட்டீங்க."

டீக்கு நான் காசு கொடுக்கப் போனேன். அவன் முதலிலேயே கொடுத்துவிட்டிருந்தான்.

பம்பாய் கதை ஏதாவது சொல்லுங்கள் என்றார் டீ மாஸ்டர், சும்மா சீண்டுவதற்கு. லாரியில் கிளீனராகப் போன கதையை ஆரம்பித்தேன். ஹூப்ளி தாண்டியதும் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஹூப்ளியில் சரக்கை இறக்கினோம் என்றேன். அப்புறம்? அப்புறம் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

காலையில் ஆபீஸ் திறந்ததும் போனேன். மேஜையைக் குத்தி, நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன் என்று எழுதலாம். டைரியைத் திறக்கும்வரை அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன். அப்படியெல்லாம் பேசவில்லை. அம்மிணி தனியாக இருந்தாள். நாற்காலியில் உட்காராமல், அந்தப் பையன்கள் நிற்பார்களே, அந்த இடத்தில் நின்று சொன்னேன்.

"அவன் வெரலக் காட்டல அம்மிணி. அவன் சொன்னது எனக்குப் புரியல. புரியலைன்னு சொன்னா என்னையத் திரும்பக் கேட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு, வாய்க்கு வந்தத அஞ்சாவதுன்னு சொன்னேன்."

அவள் ரிஜிஸ்டரைப் பிரித்தாள். திலேஷ்வர் மஹதோ என்ற பெயரைத் தேடி எடுத்தாள். பேனா மூடியைத் திறந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இதுல நீங்க கையெழுத்துப் போட்டா மேனேஜர் கூப்பிட்டுக் கேப்பாரு. காட்டியிருப்பேன்னு அவனே சொல்லிட்டான், நீ எப்புடிக் காட்டலைன்னு இத்தன உறுதியாச் சொல்றன்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

இந்த டைரியின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருப்பது என் கண் முன்னால் வந்தது. வலது கை, விரித்த ஐந்து விரல். அவன் பையை நான் தூக்கி வந்தது. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன்.

"காட்டியிருக்கவே முடியாது அம்மிணி" என்றேன். "கீழ வைக்கச் சொல்லி நான் சொல்லவே இல்ல. அவனோட ஒரு கையில அவன் பை. இன்னொரு கையில என்ற பை."